கை கழுவச் சொன்ன டாக்டரையே ‘கைகழுவிய’ மருத்துவ உலகம்! யார் இந்த செம்மல்வைஸ்?

நோயாளியைத் தொடும் முன் டாக்டர் கை கழுவுவது இன்று எந்த ஆஸ்பத்திரியிலும் சாதாரண விஷயம். ஆனால், சுமார் 180 வருடங்களுக்கு முன்பு இதைச் சொன்ன டாக்டருக்குக் கிடைத்தது எதிர்ப்பும் கேலியும்தான். கடைசியில் அவர் இறந்தது ஒரு மனநலக் காப்பகத்தில். அவர் பெயர் இக்னாஸ் செம்மல்வைஸ்.

1818 ஜூலை 1-ல், ஹங்கேரியின் புடா நகரில், மளிகை வியாபாரம் செய்த குடும்பத்தில் பிறந்தவர். சட்டம் படிக்க வியன்னா போய், அங்கே மருத்துவத்துக்கு மாறினார். 1846-ல் வியன்னா பொது மருத்துவமனையின் பிரசவப் பிரிவில் உதவி மருத்துவர் வேலை கிடைத்தது.

ஒரே ஆஸ்பத்திரி, இரண்டு வார்டு

அங்கே இரண்டு பிரசவ வார்டுகள் இருந்தன. முதல் வார்டில் மருத்துவ மாணவர்களும் டாக்டர்களும் பிரசவம் பார்ப்பார்கள். இரண்டாவதில் மருத்துவச்சிகள். எந்த வார்டு என்பது, வந்து சேரும் கிழமையைப் பொறுத்தது.

1846-ல் முதல் வார்டில் 4,010 பிரசவங்களுக்கு 459 தாய்மார்கள் இறந்தார்கள். இரண்டாவது வார்டில் 3,754 பிரசவங்களுக்கு 105 பேர். அதாவது, 100-க்கு 11 பேர் ஒரு பக்கம், 3 பேருக்கும் குறைவு இன்னொரு பக்கம். பெரும்பாலும் காரணம் பிரசவக் காய்ச்சல். ஊருக்கே இது தெரியும். முதல் வார்டு வேண்டாம் என்று கர்ப்பிணிகள் அழுது கெஞ்சினார்கள். வரும் வழியில், தெருவிலேயே குழந்தை பெற்றவர்களுக்குக்கூட காய்ச்சல் அவ்வளவாக வரவில்லை!

செம்மல்வைஸ் ஒவ்வொரு காரணமாகத் தட்டிப் பார்த்தார். கூட்ட நெரிசலா? இரண்டாவது வார்டில்தான் கூட்டம் அதிகம். காற்றா, சீதோஷ்ணமா? இரண்டுக்கும் ஒன்றுதான். சாகக் கிடப்பவர்களைப் பார்க்கப் பாதிரியார் மணி அடித்துக்கொண்டு வருவதால் பயமா? மணியை நிறுத்தச் சொன்னார். பிரசவத்தின்போது படுக்கும் நிலையை மாற்றினார். எதற்கும் பலன் இல்லை.

நண்பரின் மரணம் காட்டிய வழி

1847 மார்ச்சில் அவரது நண்பர், தடயவியல் மருத்துவப் பேராசிரியர் யாக்கோப் கொலெட்ச்கா இறந்துபோனார். போஸ்ட்மார்ட்டம் நடக்கும்போது ஒரு மாணவரின் கத்தி அவர் விரலில் பட்டிருந்தது. அவர் உடற்கூறாய்வு அறிக்கையைப் படித்த செம்மல்வைஸுக்கு அதிர்ச்சி. இறந்த தாய்மார்களின் உடலில் இருந்த அதே பாதிப்புகள்!

புதிர் அங்கேதான் அவிழ்ந்தது. டாக்டர்களும் மாணவர்களும் பிணவறையில் போஸ்ட்மார்ட்டம் முடித்த கையோடு பிரசவ வார்டுக்கு வருவார்கள். மருத்துவச்சிகளுக்குப் பிணவறையில் வேலையே இல்லை. இதில் கசப்பான விஷயம், தினமும் காலையில் போஸ்ட்மார்ட்டம் செய்தவர்களில் அவரும் ஒருவர். தன் கையாலும் பலர் இறந்திருக்கிறார்கள் என்பதை அவர் பின்னாளில் வெளிப்படையாகவே எழுதினார்.

சோப்புப் போட்டுக் கழுவியும் கையில் பிணவாடை போகவில்லை. அதனால் 1847 மே மாதம், பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் கை கழுவிய பிறகே உள்ளே வர வேண்டும் என்று உத்தரவு போட்டார். ஏப்ரலில் 100-க்கு 18 ஆக இருந்த மரணம், ஜூலையில் சுமார் 1 ஆகக் குறைந்தது. 1848 மார்ச், ஆகஸ்ட் மாதங்களில் ஒரு தாய்கூட இறக்கவில்லை.

அப்புறம் ஏன் நம்பவில்லை?

முதல் காரணம், கிருமிதான் நோயைப் பரப்புகிறது என்பது அப்போது நிரூபிக்கப்படவில்லை. கெட்ட காற்றுதான் காரணம் என்று நம்பிய காலம் அது. பலன் கண்முன் இருந்தும், ஏன் என்று அவரால் முழுசாக விளக்க முடியவில்லை. இரண்டாவது, இதை ஒப்புக்கொண்டால் நோயாளிகளைக் கொன்றது தங்கள் கைதான் என்று டாக்டர்களே ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்றாவது, அவர் பக்கமும் குறை உண்டு. ஆதரித்த நண்பர்கள்தான் அவருக்காக எழுதினார்கள், பேசினார்கள். அவர் புத்தகம் வந்ததோ 1861-ல், அதாவது 14 வருடம் கழித்து!

இதற்கிடையே 1849-ல் அவரது பணி நீட்டிக்கப்படவில்லை. அடுத்த வருடம் நண்பர்களிடம்கூடச் சொல்லாமல் வியன்னாவை விட்டே கிளம்பிவிட்டார். பெஸ்ட் நகரின் புனித ரோக்கஸ் மருத்துவமனையில் அதே முறையைக் கொண்டுவந்தார். அங்கே 1851 முதல் 1857 வரை 933 பிரசவங்களில், இந்தக் காய்ச்சலால் இறந்தவர்கள் 8 பேர் மட்டுமே. ஆனாலும் எதிர்ப்பு ஓயவில்லை. நொந்துபோனவர், பேராசிரியர்களைக் கொலைகாரர்கள் என்று சாடி, பகிரங்கக் கடிதங்கள் எழுத ஆரம்பித்தார். பகைதான் வளர்ந்தது.

47 வயதில் முடிந்த வாழ்க்கை

1865-ல் அவரது மனநிலை மோசமானது. புது மருத்துவமனையைக் காட்டுகிறோம் என்று சொல்லி, வியன்னாவில் ஒரு மனநலக் காப்பகத்தில் சேர்த்தார்கள். தப்பிக்க முயன்றபோது காவலர்கள் கடுமையாக அடித்தார்கள். இரண்டே வாரத்தில், ஆகஸ்ட் 13 அன்று, காயத்தில் பரவிய நஞ்சால் இறந்தார். எந்த நஞ்சிலிருந்து தாய்மார்களைக் காப்பாற்றினாரோ, அதே மாதிரியான நஞ்சு.

அதற்கு முந்தைய நாள்தான் கிளாஸ்கோவில் ஜோசப் லிஸ்டர், கால் உடைந்த ஒரு சிறுவனின் காயத்துக்குக் கார்பாலிக் அமிலம் வைத்துக் கட்டினார். 1879-ல் லூயி பாஸ்டர், பிரசவக் காய்ச்சலுக்குக் காரணமான கிருமியை அடையாளம் காட்டினார். இன்று புடாபெஸ்ட்டின் மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கு செம்மல்வைஸ் பெயர். பழைய நம்பிக்கைக்கு ஒத்துவரவில்லை என்பதற்காகப் புது ஆதாரத்தை உடனே தள்ளிவிடும் குணத்தை ‘செம்மல்வைஸ் ரிஃப்ளெக்ஸ்’ என்கிறார்கள்.

2020 மார்ச் 20, கொரோனா பயத்தில் உலகமே கை கழுவிக்கொண்டிருந்த நேரம். அன்று கூகுள் டூடுலில் கை கழுவச் சொல்லிக்கொடுத்தவரும் இதே செம்மல்வைஸ்தான்.