ஆசிரியர் தூரன்

இசைப்பாடல் புலவராகவும் கலைக்களஞ்சியத்தின் முதன்மைப் பதிப்பாசிரியராகவும் போற்றப்பெறும் பெ. தூரன், உள்ளத்தால் என்றும் ஆசிரியரே. ஈரோட்டை அடுத்த மஞ்சக்காட்டு வலசில் 1908இல் பிறந்தார். சென்னையில் கணிதம் பயின்றபோது, 1931இல் பகத்சிங் தூக்கிலிடப்பட்ட துயரால் பட்டத் தேர்வைப் புறக்கணித்தார். தேர்வைத் துறந்த அவரே பின்னர்க் கோவை, பெரியநாயக்கன்பாளையம் இராமகிருஷ்ண வித்தியாலயத்தில் மாணவர்க்கு அறிவூட்டினார்.

அவர்தம் ஆசிரியப் பணி வகுப்பறைக்குள் அடங்கவில்லை. அமெரிக்கரான ஜாக் லண்டன் 1903இல் வெளியிட்ட நாவலைக் ‘கானகத்தின் குரல்’ எனத் தமிழாக்கினார். செல்லமாய் வளர்ந்த பக் என்னும் நாய் களவாடப்பட்டு, வடதிசைப் பனிவெளியில் வண்டி இழுக்கிறது. தடியடிக்கு அஞ்சக் கற்கிறது. ஒருவனது அன்பில் திளைக்கிறது. அவனை இழந்தபின் ஓநாய்களோடு கலக்கிறது. நம் நீதிக்கதை விலங்குகள் மனிதரைப் போலப் பேசி அறம் உரைப்பன. பக் பேசுவதில்லை, அதன் பசியும் அச்சமும் அன்புமே பேசுகின்றன. பனியையே காணாத தமிழ் மாணவன் அவ்வுயிரின் வேதனையைத் தன் மொழியிலேயே உணர வழி பிறந்தது.

பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியமும், பத்துத் தொகுதிகளாகக் குழந்தைகள் கலைக்களஞ்சியமும் அவரது தலைமையில் உருவாயின. 1968இல் பத்மபூஷண் விருது பெற்ற அப்பெருமகனார் 1987இல் மறைந்தார்.

படப்பையிலோ தாம்பரத்திலோ ஓர் ஆசிரியர் அந்நூலை வகுப்பில் வாய்விட்டுப் படிப்பாராயின், தெருநாயின் மீது கல்லெறிய ஓங்கிய சிறு கையொன்று தாழக்கூடும். தூரனுக்கு அதனினும் சிறந்த நினைவுச் சின்னம் வேறில்லை.