கெமிஸ்தம் தந்த வைத்தியர்

நூற்றாண்டு மலரில் விஞ்ஞானத்துக்கும் ஓர் இடம் வேண்டும் என்று பேச்செடுத்தபோது மேரி கியூரி, மெண்டலீவ் என்ற பெயர்களே முதலில் வந்தன. நாம் அவ்வளவு தூரம் போகவில்லை, மானிப்பாயோடு நின்றுகொண்டோம். அணு, மூலகம், சேர்வை, தாக்கம் என்று எல்கடுவ மலையில் இருந்துகொண்டு தமிழிலேயே இரசாயனம் படித்தவர்கள் நாம். அது முடியும் என்று 1875ஆம் ஆண்டிலேயே ஒரு புத்தகத்தை அச்சேற்றிக் காட்டியவர் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன். அவருடைய பெயர் நமது விஞ்ஞானப் பாடநூல் எதிலும் இருந்ததாக நமக்கு நினைவில்லை.

கிறீன் 1822ஆம் ஆண்டு ஒக்ரோபர் 10ஆந் திகதி அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் என்னும் ஊரிலே பிறந்தார். பிள்ளைகள் நிறைந்த பெரிய குடும்பம். அவருடைய தமையன் அன்ட்ரூ கிறீன், நியூயோர்க் நகரின் மத்திய பூங்காவை உருவாக்குவதில் முன்னின்று பெயர் பெற்றவர். தம்பியோ 1845இல் அதே நகரில் வைத்தியப் பட்டம் பெற்று, அமெரிக்க மிஷன் அனுப்ப 1847இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். மதம் பரப்ப வந்தவர்தான். அதை அவர் மறைக்கவுமில்லை, நாமும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 1848இல் மானிப்பாயில் சில இளைஞர்களைச் சேர்த்து அவர் தொடங்கிய வகுப்பே இலங்கையின் முதலாவது மேலைத்தேய வைத்தியக் கல்லூரியாயிற்று. கொழும்பில் அத்தகைய கல்லூரி 1870இல்தான் வந்தது.

அவர் மானிப்பாயில் மருந்து கொடுத்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் நமது முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளையைத் தாண்டி, மாத்தளைக்கு நடந்து வந்து கோப்பித் தோட்டங்களில் ஏறினார்கள். வழியில் வாந்திபேதியால் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. தமிழ் பேசும் வைத்தியர் ஒருவர் அந்த வழியில் கிடைப்பது எத்தனை பெரிய காரியமாக இருந்திருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம்.

முதலில் அவர் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். ஆங்கிலம் படித்து வைத்தியரானவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடிப் போனார்கள். கிராமம் பழையபடி கிராமமாகவே இருந்தது. 1857இல் தாயகம் போய், 1862இல் மார்கரெட் வில்லியம்ஸ் அம்மையாரை மணந்து அவரோடு திரும்பி வந்த கிறீன், கற்பிப்பதை முழுக்கத் தமிழுக்கு மாற்றினார். அதற்கு நூல்கள் வேண்டுமே! மாணவர்களையும் துணை சேர்த்துக்கொண்டு ஒவ்வொன்றாக மொழிபெயர்த்தார். 1867இல் இரணவைத்தியம், 1872இல் மனுஷ அங்காதிபாதம். எல்லாம் சேர்த்தால் நாலாயிரம் பக்கங்களுக்கு மேல். அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர்களை அவர் உருவாக்கினார். அவர்களில் ஒரு பெண்ணும் இல்லை. மானிப்பாய்க்கு அருகே உடுவிலில் 1824 முதலே பெண்கள் விடுதிப் பாடசாலை இருந்தது என்றாலும், இலங்கையில் பெண்களுக்கு வைத்தியக் கல்லூரிக் கதவு திறக்க 1892 ஆகிவிட்டது. பழைய மாணவியர் மலரில் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

நமது பாடத்துக்கு வருவோம். மருந்து கலப்பவனுக்கு இரசாயனம் தெரியவேண்டும் என்பதற்காக, வெல்ஸ் என்பவர் எழுதிய ஆங்கில நூல் ஒன்று தமிழாக்கப்பட்டது. நாகர்கோவிலில் அச்சாகி 1875இல் வெளிவந்தது. அதன் பெயர் கெமிஸ்தம். பெயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். அதில் ஒரு முறை இருந்தது. ஒரு பொருளுக்குத் தமிழ்ச் சொல் இருந்தால் அதையே எடுப்பது, இல்லையென்றால் சம்ஸ்கிருதத்தில் தேடுவது, அங்கும் அகப்படாவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு இசையத் திருத்திக்கொள்வது. இன்று நாம் இரும்பு, கந்தகம், பொன் என்று நம்முடைய சொற்களையும், ஒட்சிசன், ஐதரசன், காபன் என்று ஓசை மாற்றிய சொற்களையும் ஒரே வரிசையில் வைத்துப் படிக்கிறோமல்லவா? அது அவர் போன வழிதான். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் தனிமம் என்பதை நாம் மூலகம் என்கிறோம். அவர்களுடைய வேதியியல் நமக்கு இரசாயனம். அணு மட்டும் இரு கரையிலும் அணுவாகவே இருக்கிறது.

கெமிஸ்தத்தில் படித்தவர்களுக்குக் கிடைக்காத ஒன்று நமக்குக் கிடைத்தது. அது ஆவர்த்தன அட்டவணை. வெல்ஸின் மூல நூல் 1858இல் வந்தது. மெண்டலீவ் அட்டவணையை வெளியிட்டதோ 1869இல். கோப்பியை அழித்த இலைநோய் இலங்கையில் முதன்முதல் காணப்பட்டதும் அதே 1869இல்தான். அதன் பிறகே இந்த மலைகள் தேயிலை மலைகளாயின. அப்போது தெரிந்திருந்த மூலகங்கள் 63. மெண்டலீவ் அவற்றை அணுநிறைப்படி அடுக்கிக்கொண்டு போனபோது, குணத்தில் ஒத்தவை ஒன்றின்கீழ் ஒன்றாக வந்து விழுந்தன. இலிதியத்தின் கீழ் சோடியம், அதன் கீழ் பொற்றாசியம். மூன்றும் தண்ணீரைக் கண்டால் சீறுகிறவை. பொருந்தாத இடங்களில் அவர் வலிந்து எதையும் திணிக்கவில்லை. கட்டத்தை வெறுமையாக விட்டு, இங்கே வரவேண்டியது இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை என்றார். வரப்போவதன் நிறையையும் அடர்த்தியையும்கூட முன்கூட்டியே சொல்லி வைத்தார். அலுமினியத்தின் கீழே இருந்த வெற்றிடத்துக்குரிய கலியம், கெமிஸ்தம் வெளிவந்த அதே 1875இல் பிரான்சில் அகப்பட்டது. கண்டுபிடித்தவர் அளந்த அடர்த்தி 4.7. மெண்டலீவ் அதை ஒப்பவில்லை. திரும்ப அளந்தபோது அவர் சொன்ன 5.9 சரியாக வந்தது! எல்கடுவக் குளிரில் கட்டியாகக் கிடக்கும் கலியம், உள்ளங்கையில் வைத்தால் உருகிவிடும். இப்போது அட்டவணையில் 118 மூலகங்கள்.

சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க நமது மலையில் பொருளுக்குப் பஞ்சமில்லை. தேயிலைக்குப் போடும் உரத்தில் நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம். மண்ணின் புளிப்பைத் தணிக்கத் தூவும் டொலமைற்றில் கல்சியமும் மக்னீசியமும். கொப்புள நோய்க்குத் தெளிக்கும் மருந்தில் செம்பு. ரொட்டி மாவில் போடும் உப்பிலே தீப்பற்றும் உலோகம் ஒன்றும் நச்சு வாயு ஒன்றும் சேர்ந்து சாதுவாகக் கிடக்கின்றன என்று சொன்னால், கண்ணை அகல விரிக்காத பிள்ளை கிடையாது. அம்மா கொழுந்துக்குப் போகும் வீட்டுப் பிள்ளைக்கு அட்டவணை அந்நியமாக இருக்க நியாயமே இல்லை. அப்படியிருந்தும் மலையகத்தில் எத்தனையோ பிள்ளைகளுக்குக் கைக்கெட்டிய தூரத்தில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு இருப்பதில்லை. நகரத்துக்குப் போய்ப் படிக்க வழியில்லாத பெண்பிள்ளை, விஞ்ஞானத்தில் நல்ல பெறுபேறு எடுத்தபின்னும் கலைப்பிரிவுக்குத் திரும்பிவிடுகிறாள். மொழியில் இருந்த தடையைக் கிறீன் அன்றே உடைத்தார். இது வேறு தடை. வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் இருக்கும் நம்மவர் இந்தப் பக்கத்தைப் படிக்கும்போது, தம் வகுப்பில் அப்படித் திரும்பிப் போன ஒருத்தியின் முகமாவது நினைவுக்கு வரும் என்று நம்புகிறோம்.

உடல்நலம் குன்றிக் கிறீன் 1873இல் யாழ்ப்பாணத்தை விட்டுப் போனார். வேலையை விடவில்லை. வூஸ்டரில் இருந்தபடியே தமிழ்ப் பிரதிகளைத் தபாலில் பெற்றுத் திருத்தி அனுப்பிக்கொண்டிருந்தார். சுற்றிலும் தமிழ் பேச ஒருவருமில்லாத ஊரில், பனி விழும் மாரியில், அந்த மனிதர் ஒற்றெழுத்துத் திருத்திக்கொண்டிருந்ததை நினைக்க நமக்கு ஆச்சரியமாகவே இருக்கிறது. மனுஷ சுகரணம் 1883இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு மே 28ஆந் திகதி அவர் காலமானார். மானிப்பாய் வைத்தியசாலை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. வூஸ்டரில் உள்ள கல்லறைக் கல்லில், பெயருக்கும் ஆண்டுகளுக்கும் கீழே, அவர் தமிழருக்கு வைத்திய ஊழியம் செய்தவர் என்று பொறித்திருக்கிறார்கள்.