ஒத்தைக் கம்பியில் ஆரம்பித்தவர்

 

நம் சுவர்ப் பத்திரிகையில் தலைவர்கள், விஞ்ஞானிகள், கவிஞர்கள் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் இந்த முறை ஒரு கிடார் கலைஞரைப் பற்றி எழுதுகிறேன். அவர் பெயர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ். அமெரிக்காக்காரர். ராக் இசை கேட்பவர்களிடம் உலகத்தில் சிறந்த கிடார் கலைஞர்கள் யார் யார் என்று கேட்டால் முதலில் வரும் பெயர்களில் இவர் பெயரும் கண்டிப்பாக இருக்கும். அவர் இறந்து 50 வருஷத்துக்கு மேல் ஆகிறது.

இவரைப் பற்றி ஏகப்பட்ட வாழ்க்கை வரலாறுகள் வந்திருக்கின்றன. 1978-ல் டேவிட் ஹெண்டர்சன் என்ற கவிஞர் எழுதினார். 1999-ல் ஜிமியின் அப்பா அல் ஹெண்ட்ரிக்ஸின் புத்தகம் வந்தது. 2005-ல் சியாட்டில் நகரத்துப் பத்திரிகையாளர் சார்லஸ் கிராஸ் எழுதினார். 2012-ல் தம்பி லியான் எழுதினார். அவருடன் சேர்ந்து வாசித்தவர்களும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் இவரைப் பற்றிச் சுருக்கமாக யார் சொன்னாலும் இரண்டு விஷயத்தைத்தான் முதலில் சொல்கிறார்கள். ஒன்று, மேடையில் கிடாருக்குத் தீ வைத்தது. இன்னொன்று, 27 வயதில் இறந்து போனது. இதை மட்டும் படித்தால் அவர் ஏதோ கிறுக்குப் பிடித்த ஆள் மாதிரிதான் தெரியும். முழு வாழ்க்கையையும் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏன் என்று சொல்கிறேன், படியுங்கள்.

பிறப்பும் குடும்பமும்

ஜிமி 1942-ம் ஆண்டு நவம்பர் 27-ம் தேதி அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சியாட்டில் நகரத்தில் பிறந்தார். கறுப்பினக் குடும்பம். அம்மா லூசிலுக்கு அப்போது 17 வயதுதான். அப்பா ராணுவத்தில் இருந்தார். பிறந்தபோது வைத்த பெயர் ஜானி ஆலன். போர் முடிந்து வந்த அப்பா அதை ஜேம்ஸ் மார்ஷல் என்று மாற்றினார். வீட்டில் கூப்பிட்ட பெயர் பஸ்டர். ஜிமி என்ற பெயர் ரொம்பப் பின்னால் வந்தது.

வீட்டில் கஷ்டம். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் குடிப்பழக்கம், அதனால் ஓயாத சண்டை. அடுத்தடுத்துப் பிறந்த தம்பி தங்கைகளில் சிலரை வளர்க்க முடியாமல் வெளியே கொடுத்துவிட்டார்கள். 1951-ல் அப்பாவும் அம்மாவும் விவாகரத்து செய்துகொண்டார்கள். 1958-ல் அம்மா இறந்து போனார். அப்போது ஜிமிக்கு 15 வயது. நம்மைவிட ஒரு வயசுதான் கூட.

விளக்குமாறுதான் கிடார்

சின்ன வயதிலேயே ஜிமிக்குக் கிடார் மேல் ஆசை. வாங்கக் காசு இல்லை. அதனால் விளக்குமாற்றைக் கிடார் மாதிரி பிடித்துக்கொண்டு வாசிப்பாராம். அப்பா வேலைக்குப் போகும்போது அறையைப் பெருக்கி வைக்கச் சொல்லிவிட்டுப் போவார். திரும்பி வந்து பார்த்தால் கட்டில் பக்கம் விளக்குமாற்றுக் குச்சியாக உதிர்ந்து கிடக்கும். பையன் அங்கே உட்கார்ந்து அதை மீட்டியிருக்கிறான் என்று பிறகுதான் தெரிந்ததாம். இதை அப்பாவே சொல்லியிருக்கிறார்.

பள்ளிக்கூடத்துக்கும் அவர் விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு போவார். அங்கே இருந்த ஒரு சமூகப் பணியாளர் இதைக் கவனித்தார். ஏழைப் பிள்ளைகளுக்கான நிதியிலிருந்து இவனுக்கு ஒரு கிடார் வாங்கிக் கொடுங்கள், கொடுக்காவிட்டால் பையன் மனசு பாதிக்கும் என்று எழுதிக் கேட்டார். ஆனால் பணம் கிடைக்கவில்லை. அப்பாவும் வாங்கித் தரவில்லை.

1957-ல் அப்பாவுடன் ஒரு பாட்டியின் வீட்டில் பழைய சாமான்களை அப்புறப்படுத்தப் போனார். அந்தக் குப்பையில் ஒரு யுகுலேலே கிடந்தது. யுகுலேலே என்றால் குட்டிக் கிடார் மாதிரி, நான்கு கம்பி இருக்கும். கிடைத்ததில் இருந்ததோ ஒரே ஒரு கம்பி. எடுத்துக்கோ என்று பாட்டி கொடுத்துவிட்டார். அந்த ஒத்தைக் கம்பியை வைத்துக்கொண்டு, எல்விஸ் பிரஸ்லியின் பாட்டுகளைக் கேட்டுக் கேட்டு ஒவ்வொரு சுரமாகக் கண்டுபிடித்து வாசித்தார். சொல்லிக் கொடுக்க வாத்தியார் கிடையாது. இசைக்குறிப்பு படிக்க அவருக்குக் கடைசி வரை தெரியாது. எல்லாமே காதால் கற்றதுதான்.

1958-ல்தான் முதல் கிடார் வந்தது. பழசு, விலை 5 டாலர். அடுத்த வருஷம் அப்பா ஒரு எலெக்ட்ரிக் கிடார் வாங்கிக் கொடுத்தார். முதல் கச்சேரியிலேயே, அளவுக்கு மீறி ஆட்டம் காட்டி வாசிக்கிறான் என்று இடைவேளையில் வெளியே அனுப்பிவிட்டார்கள்!

இடது கை

ஜிமி கிடார் வாசித்தது இடது கையால். நம்ம ஊரில் இடது கையால் எதையாவது நீட்டினால் பெரியவர்கள் திட்டுவார்கள் இல்லையா? அங்கேயும் அந்தக் காலத்தில் அப்படித்தான். இடது கைப் பழக்கம் சாத்தானுடையது என்று அவருடைய அப்பா நினைத்தார் என்றும், அப்பா எதிரில் வலது கையாலும் மற்ற நேரத்தில் இடது கையாலும் வாசித்தார் என்றும் சொல்கிறார்கள். எழுதுவது மட்டும் வலது கையால்தான்.

கடையில் கிடைப்பது பெரும்பாலும் வலது கைக்காரர்களின் கிடார். அதனால் அவர் கிடாரைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தார். அப்படித் திருப்பினால் மேலே இருக்க வேண்டிய தடிமனான கம்பி கீழே போய்விடும். ஆகவே ஆறு கம்பிகளையும் கழற்றி வரிசை மாற்றிக் கட்டுவார். கம்பி மாறினாலும் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகுகள் மாறாது, அவை மேல் பக்கம் வந்துவிடும். அதையும் பழகிக்கொண்டார். தனக்கென்று செய்யாத கருவியைத் தனக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொண்டாரே, அது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

பட்டாளமும் பின்வரிசையும்

படிப்பை முடிக்கவில்லை. 1961-ல் திருட்டுக் காரில் போனதாக இரண்டு முறை போலீஸ் பிடித்தது. ஜெயிலா, பட்டாளமா என்ற நிலை வந்தபோது பட்டாளத்தில் சேர்ந்தார். விமானத்திலிருந்து பாராசூட்டில் குதிக்கும் படைப்பிரிவு. 1962-ல் வெளியே வந்தார். குதித்தபோது கணுக்கால் உடைந்ததால் அனுப்பினார்கள் என்று அவர் சொன்னார். ராணுவக் காகிதங்களோ, இவர் வேலைக்கு லாயக்கில்லை என்று சொல்கின்றன. அதனால் ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்வதை அப்படியே எழுதினால் போதாது, காகிதத்தையும் பார்க்க வேண்டும் என்று புரிந்தது. நல்ல வாழ்க்கை வரலாறு எழுதுவது துப்பறியும் வேலை மாதிரிதான் போல!

பட்டாளத்தில் கிடைத்த நண்பர் பில்லி காக்ஸ். அவர் பேஸ் கிடார் வாசிப்பவர். வெளியே வந்ததும் இருவரும் சேர்ந்து வாசித்தார்கள். அதன் பிறகு ஜிமி ஊர் ஊராகப் போய், பெரிய பாடகர்களுக்குப் பின்னால் நின்று வாசித்தார். இஸ்லி பிரதர்ஸ், லிட்டில் ரிச்சர்ட் என்று பல குழுக்கள். சம்பளம் குறைவு. பாடகரைவிடப் பளிச்சென்று உடுத்தக் கூடாது, நேரத்துக்கு வர வேண்டும் என்று கண்டிப்பு வேறு. 1964-ல் நியூயார்க்கில் அப்பல்லோ தியேட்டரில் நடந்த போட்டியில் முதல் பரிசு வாங்கினார். பரிசு 25 டாலர்.

லண்டன் பயணம்

1966-ல் நியூயார்க்கில் ஒரு சின்ன கஃபேயில் இவர் வாசித்ததை சாஸ் சாண்ட்லர் என்பவர் கேட்டார். அவர் இங்கிலாந்தின் அனிமல்ஸ் குழுவில் இருந்தவர். கேட்டதும் அசந்துபோய், லண்டனுக்கு வா என்று கூட்டிப் போனார். அங்கேதான் பெயர் ஜிமி ஆனது. நோயல் ரெடிங், மிட்ச் மிட்செல் இருவரையும் சேர்த்து மூன்று பேர் குழு. ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் எக்ஸ்பீரியன்ஸ் என்று பெயர் வைத்தார்கள்.

1967-ம் ஆண்டு ஜூன் மாதம், பீட்டில்ஸ் குழுவின் புது ஆல்பம் வெளிவந்து சில நாட்களே ஆகியிருந்தன. லண்டனில் ஜிமி தன் கச்சேரியை அந்த ஆல்பத்தின் முதல் பாட்டை வாசித்துத்தான் தொடங்கினார். கூட்டத்தில் பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னியே உட்கார்ந்திருந்தார்! காதால் கேட்டே கற்ற பழக்கம் இங்கே எப்படிக் கைகொடுத்தது பாருங்கள்.

கொய்ங் சத்தம்

நம் பள்ளி விழாவில் மைக்கை ஸ்பீக்கர் பக்கத்தில் கொண்டுபோனால் கொய்ங் என்று ஒரு சத்தம் வருமே, எல்லோரும் காதைப் பொத்திக்கொள்வோமே, அதே சத்தம் எலெக்ட்ரிக் கிடாரிலும் வரும். கம்பிக்குக் கீழே காந்தமும் அதைச் சுற்றிச் செம்புக் கம்பிச் சுருளும் இருக்கும். எஃகுக் கம்பி அதிர்ந்தால் சுருளில் மின்சாரம் உண்டாகும். நம் அறிவியல் பாடத்தில் வரும் மின்காந்தத் தூண்டல்தான் இது. அது பெரிதாக்கப்பட்டு ஸ்பீக்கரில் சத்தமாக வரும். அந்தச் சத்தம் கம்பியை மறுபடி அதிரச் செய்யும். அது மறுபடி ஸ்பீக்கருக்குப் போகும். இப்படிச் சுற்றிச் சுற்றி வருவதுதான் கொய்ங்.

மற்றவர்கள் தொந்தரவு என்று நினைத்த அதை ஜிமி சுரமாக மாற்றினார். ஸ்பீக்கருக்கு எவ்வளவு தூரத்தில் நின்றால், எந்தப் பக்கம் திரும்பினால் என்ன சத்தம் வரும் என்று அவருக்குத் தெரியும். அவருக்கு முன்னாலும் சிலர் செய்திருக்கிறார்கள். ஆனால் அவர் அளவுக்கு அடக்கி ஆண்டவர் இல்லை என்கிறார்கள்.

கிடாரை எரித்தது

1967 ஜூன் 18, கலிபோர்னியாவில் மான்டரி இசை விழா. கடைசிப் பாட்டு முடியும்போது கிடார் மேல் எண்ணெய் ஊற்றிப் பற்ற வைத்தார். அந்தப் படம் உலகம் பூராவும் போனது. ஆனால் அவர் கிடாரை எரித்ததை விரல் விட்டு எண்ணிவிடலாம். வாசித்த கச்சேரிகளோ நூற்றுக்கணக்கில். விளக்குமாற்றைக் கட்டிப் பிடித்து வளர்ந்த பையன் கிடாரை எரித்தது எனக்கும் கொஞ்சம் வருத்தம்தான். இருந்தாலும், அன்றைக்கு எரிப்பதற்கு முன்னால் என்ன வாசித்தார் என்பதை எழுதாமல் தீயை மட்டும் எழுதுவது நியாயமா?

உட்ஸ்டாக்

1969 ஆகஸ்டில் நியூயார்க் மாநிலத்தில் உட்ஸ்டாக் விழா நடந்தது. லட்சக்கணக்கான இளைஞர்கள் கூடினார்கள். நிகழ்ச்சிகள் தள்ளித் தள்ளிப் போனதால் ஞாயிறு இரவு வர வேண்டிய ஜிமி திங்கள் காலைதான் மேடை ஏறினார். அதற்குள் பாதிக் கூட்டத்துக்கு மேல் கிளம்பிவிட்டது. இருந்தவர்களுக்காக அமெரிக்க தேசிய கீதத்தை ஒற்றைக் கிடாரில் வாசித்தார். நடுவில் விமானம் பாய்வது, குண்டு விழுவது, அலறல் போன்ற ஒலிகள். அப்போது வியட்நாமில் போர் நடந்துகொண்டிருந்தது. அவரும் முன்னாள் சிப்பாய். கீதத்தை அவமதித்தார் என்று சிலர் கோபப்பட்டார்கள், போரின் துயரத்தைச் சொன்னார் என்று சிலர் பாராட்டினார்கள். தனக்கு அது அழகாகத்தான் பட்டது என்று மட்டும் அவர் டி.வி. பேட்டியில் சொன்னார்.

முடிவு

நியூயார்க்கில் எலெக்ட்ரிக் லேடி என்று சொந்தமாக ஒரு ஒலிப்பதிவுக் கூடம் கட்டினார். 1970 ஆகஸ்ட் 26-ல் திறப்பு விழா. அதில் வேலை செய்ய அவருக்கு அதிக நாட்கள் கிடைக்கவில்லை. செப்டம்பர் 18-ல் லண்டனில் இறந்தார். அளவுக்கு மிஞ்சித் தூக்க மாத்திரை சாப்பிட்டு, தூக்கத்திலேயே வாந்தி மூச்சுக்குழாயை அடைத்துவிட்டது. மதுவும் போதைப் பழக்கமும் அவரிடம் இருந்தன. இதை மறைத்து எழுதக் கூடாது. நல்லதை மட்டும் எழுதினால் அது வாழ்த்து மடல் ஆகிவிடும். யார் மேல் தப்பு என்று பல புத்தகங்கள் பக்கம் பக்கமாகச் சண்டை போடுகின்றன. அந்தச் சண்டையால் அவர் திரும்பி வரப்போவதில்லை.

லண்டனில் அவர் குடியிருந்த புரூக் தெருவில், சுவர் ஒட்டிய அடுத்த வீட்டில் 200 வருஷத்துக்கு முன்னால் வாழ்ந்தவர் ஹேண்டல் என்ற பெரிய இசை மேதை. இப்போது இரண்டு வீடும் சேர்ந்து ஒரே அருங்காட்சியகம்.

எனக்குத் தோன்றுவது

நான் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1957-ல் ஒத்தைக் கம்பி கிடைத்தது. 1966-ல் லண்டன் போனார். கற்றது ஒன்பது வருஷம். புகழோடு இருந்தது நாலு வருஷம்கூட இல்லை, அதற்குள் ஸ்டுடியோவில் செய்த ஆல்பம் மூன்று. கிடார் எரிந்தது சில நிமிஷம். இறந்தது ஒரு இரவு. வாழ்க்கை வரலாறு எழுதுகிறவர்கள் அந்த ஒன்பது வருஷத்துக்கு நிறையப் பக்கம் கொடுத்தால் என் வயதுப் பிள்ளைகளுக்குப் பிரயோஜனமாக இருக்கும். ஏனென்றால் அது நம்மாலும் முடிகிற விஷயம். போதையோ அந்த ஒன்பது வருஷ உழைப்பின் பலனை நாலே வருஷத்தில் பறித்துக்கொண்டது. அதையும் நாம் மறக்கக் கூடாது.

தோழிகளே, தோழர்களே! நம்மில் பாட்டு, ஓவியம், பறை, கபடி என்று ஏதாவது ஒன்றில் ஆசை உள்ளவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். சாமான் இல்லை, சொல்லித்தர ஆள் இல்லை என்று உட்கார்ந்துவிட வேண்டாம். இருப்பதை வைத்து இன்றைக்கே ஆரம்பிப்போம். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி