சிக்கு வாடையும் ஆச்சார்யா பி.சி. ராயும்

கடம்பூர் என்றதும் எல்லோரும் போளியைத்தான் கேட்பார்கள். எங்க வீட்டில் கேட்பதோ, கெமிக்கல் படிச்சா வேலை கிடைக்குமா என்று. எங்க அம்மா எண்ணெயை மோந்து பார்த்தே சிக்கு அடிச்சிருச்சுன்னு தள்ளி வைக்கும். ஏன் சிக்கு அடிக்கிறது என்று சொல்ல, முதல் வருஷம் எனக்குத் தெரியவில்லை. தேடப் போன இடத்தில் கிடைத்தவர்தான் ஆச்சார்யா பிரபுல்ல சந்திர ராய்.

1861 ஆகஸ்டு 2-ல், இன்று பங்களாதேஷில் உள்ள ராருலி கிராமத்தில் பிறந்தார். சிறு வயதில் வந்த வயிற்றுக்கடுப்பு பள்ளிப் படிப்பையே இடையில் நிறுத்தியது. அந்த வயிற்றுத் தொல்லை கடைசி வரை விடவில்லை. கில்கிறைஸ்ட் ஸ்காலர்ஷிப் பெற்று 1882-ல் எடின்பரோ போனார். 1887-ல் டி.எஸ்ஸி. பட்டம். 1889-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் சேர்ந்தபோது சம்பளம் மாதம் 250 ரூபாய். வெள்ளைக்காரர்களின் உயர் பதவி வரிசையில் அவருக்கு இடம் தரவில்லை. பட்டம் ஒன்றுதான், தோல்தான் வேறு!

அங்கே அவர் முதலில் எடுத்த ஆராய்ச்சி எது தெரியுமா நண்பர்களே? கடுகெண்ணெயும் நெய்யும்! கடைச் சரக்கில் கலப்படம் இருந்ததால் தன் கண் முன்னாலேயே பாலைக் கறக்கச் செய்து, கடுகை ஆட்டச் செய்து மாதிரி எடுத்தார். 1894-ல் அது கட்டுரையாக வெளிவந்தது.

அடுத்து வந்தது நைட்ரைட். பாதரசத்தின் மேல் நீர்த்த நைட்ரிக் அமிலத்தைக் குளிர்ந்த நிலையில் வைத்தபோது மஞ்சள் படிகங்கள் தோன்றின. அதுதான் மெர்குரஸ் நைட்ரைட். 1896-ல் உலகுக்கு அறிவித்தார். பிறகு மாணவர்களோடு சேர்ந்து அமைன்களின் நைட்ரைட்டுகள் என்று வரிசையாகப் போனார். சூடு பட்டால் சிதைந்துவிடும் என்று எல்லோரும் நினைத்த அம்மோனியம் நைட்ரைட்டை ஆவியாக்கி, அதன் அடர்த்தியையே அளந்து 1912-ல் லண்டனில் காட்டினார்.

எண்ணெய் ஒரு பக்கம், நைட்ரைட் ஒரு பக்கம். இரண்டுக்கும் உறவு இருப்பது அவர் காலத்தில் தெரியாது. இன்று தெரியும்.

எண்ணெய்க் கொழுப்பில் ஆக்ஸிஜன் ஏறும்போது பெராக்ஸில் ராடிக்கல் உண்டாகிறது. அது பக்கத்து மூலக்கூறைக் கெடுக்கும், அது அடுத்ததைக் கெடுக்கும். தீப்பெட்டிக்குள் ஒரு குச்சி பற்றினால் எல்லாம் பற்றுவது மாதிரி. சிக்கு வாடை இந்தச் சங்கிலியின் முடிவுதான். ஆமைல் நைட்ரைட் போன்ற கரிம நைட்ரைட்டுகள் நைட்ரிக் ஆக்சைடு வாயுவை விடுகின்றன. அந்த வாயு பெராக்ஸில் ராடிக்கலைப் பிடித்துக் கொண்டால் சங்கிலி அறுந்துவிடும். பதப்படுத்திய இறைச்சியில் சோடியம் நைட்ரைட்டைச் சிறிதளவு சேர்ப்பதில் இதுவும் ஒரு காரணம். (வீட்டில் யாரும் செய்து பார்க்காதீர்கள், அளவு மீறினால் விஷம்!) ஆனால் இதே வாயு சூப்பர்ஆக்சைடோடு சேர்ந்தால் பெராக்ஸிநைட்ரைட் ஆகி, கொழுப்பைக் கெடுக்கத் தொடங்கிவிடும். காப்பதும் அதுவே, கெடுப்பதும் அதுவே. எவ்வளவு இருக்கிறது, எதோடு சேருகிறது என்பதே கணக்கு. நம் ரத்தக்குழாய்களிலும் இதே கதைதான் நடக்கிறது.

ஒரு வேடிக்கை பாருங்கள். மார்வலிக்கு ஆமைல் நைட்ரைட்டை மோக்கக் கொடுத்து லாடர் பிரண்டன் 1867-ல் குணம் கண்டது இதே எடின்பரோவில்தான். ராய் அங்கே போனது 15 வருஷம் கழித்து! ரத்தக்குழாயை விரியச் செய்வது நைட்ரிக் ஆக்சைடு என்று கண்டவர்களுக்கு நோபல் பரிசு வந்தது 1998-ல்.

இனி எங்க அம்மா கேள்விக்கு வருகிறேன். படித்தவன் எல்லாம் குமாஸ்தா வேலைக்கே அலைகிறானே என்பது ராயின் வருத்தம். 1892-ல் 700 ரூபாய் முதலில் வீட்டிலேயே மருந்து செய்யத் தொடங்கினார்; அதுதான் பெங்கால் கெமிக்கல். பாஸ்பேட்டுக்காகக் கசாப்புக் கடை எலும்பை வாங்கி மொட்டை மாடியில் காயப் போட்டார். மழை பெய்து, புழு நெளிந்து, காக்கை கூடி, நாற்றம் தாங்காமல் அக்கம் பக்கத்தார் சண்டைக்கு வந்துவிட்டார்கள். டி.எஸ்ஸி. படித்தவர் எலும்பு அள்ளினார் என்பதை எங்க வீட்டில் சொன்னேன். அம்மா நம்பவில்லை.

அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 60 வயதுக்குப் பிறகு பல்கலைக்கழகச் சம்பளத்தை அப்படியே பல்கலைக்கழகத்துக்கே விட்டுவிட்டார். கல்கத்தா சயன்ஸ் காலேஜ் கட்டிடத்தில் ஒரே ஒரு அறை, சுற்றிலும் மாணவர்கள். 1944 ஜூன் 16-ல் உயிர் பிரிந்ததும் அந்த அறையில்தான்.

எங்கள் லேப் அலமாரியிலும் சோடியம் நைட்ரைட் பாட்டில் ஒன்று இருக்கிறது. முன்பெல்லாம் லேபிளைக்கூடப் படிக்க மாட்டேன்.