பிரிந்த சபைகளை ஒரே மேசைக்கு அழைத்த பேராயர் அசரியா

மலாக்கா நகரின் சிவப்புக் கட்டடங்கள் சூழ்ந்த சதுக்கத்தைப் பள்ளிச் சுற்றுலாவில் பார்க்காத மாணவர்கள் குறைவு. அங்குள்ள கிறைஸ்ட் சர்ச் ஆலயத்தை டச்சுக்காரர்கள் 1753ஆம் ஆண்டில் கட்டி முடித்தார்கள். அருகிலுள்ள குன்றின் உச்சியில் கூரையின்றி நிற்கும் செயின்ட் பால் ஆலயம் அதைவிடப் பழமையானது. 1521ஆம் ஆண்டில் போர்த்துகீசியர் அதைக் கத்தோலிக்கச் சிற்றாலயமாக எழுப்பினார்கள். 1641ஆம் ஆண்டில் மலாக்கா டச்சுக்காரர் வசமானதும் அது புரோட்டஸ்டண்டு ஆலயமாயிற்று. பின்னர் ஆங்கிலேயர் வந்தார்கள். 1838ஆம் ஆண்டில் டச்சு ஆலயம் ஆங்கிலிக்கன் ஆலயமாயிற்று. கோட்டையில் கொடி மாறியபோதெல்லாம் ஆலயமும் கை மாறியது. வழிபடப்பட்ட கிறிஸ்து மட்டும் ஒருவரே.

ஆள்பவரின் கொடியும் மிஷனரி வந்த நாடும் ஒருவர் எந்தச் சபையைச் சேர்ந்தவர் என்பதை முடிவு செய்யலாமா? இந்தக் கேள்வியை விடாமல் எழுப்பி, அதற்கு விடை தேடுவதிலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட தமிழர் ஒருவர் உண்டு. அவர்தான் பேராயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா.

வெள்ளாளன்விளைச் சிறுவன்

1874ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் தேதி, அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தின் வெள்ளாளன்விளை கிராமத்தில் அசரியா பிறந்தார். தந்தை தாமஸ் வேதநாயகம் ஆங்கிலிக்கன் சபையின் கிராமக் குருவானவர். இளமையிலேயே அசரியா தந்தையை இழந்தார். தாய் எல்லன் கண்டிப்பும் பக்தியும் நிறைந்தவர். மெய்ஞ்ஞானபுரத்திலும் திருநெல்வேலியிலும் படித்த பின்னர், அசரியா சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் சேர்ந்தார்.

அங்கே இறுதித் தேர்வு நேரத்தில் நோயுற்றதால் கணிதத் தேர்வை அவரால் எழுத முடியவில்லை. பட்டம் பெறாமலேயே கல்லூரியை விட்டு வெளியேறினார். பின்னாளில், 1920இல், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் இவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது.

1895ஆம் ஆண்டில் ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தின் செயலாளராகப் பணியில் சேர்ந்தார். தென்னிந்தியா முழுவதும் சுற்றி மாணவர்களையும் இளைஞர்களையும் சந்திப்பது அவர் வேலை. அந்த இயக்கத்தில் எல்லாச் சபையினரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். அமெரிக்கரான ஷெர்வுட் எடி அங்கேதான் அவருக்கு வாழ்நாள் நண்பரானார். 1898ஆம் ஆண்டில் அன்பு மரியம்மாளை மணந்தார். தென்னிந்தியாவில் கல்லூரி வரை படித்த முதல் கிறிஸ்தவப் பெண்களில் அவரும் ஒருவர்.

பங்கிடப்பட்ட வரைபடம்

ஊர் ஊராகச் சென்ற அசரியாவின் கண்ணில் ஓர் உண்மை பட்டது. மிஷன் சங்கங்கள் தங்களுக்குள் போட்டி வராமலிருக்க நாட்டைப் பங்கிட்டுக்கொண்டிருந்தன. திருநெல்வேலிக்கு ஆங்கிலிக்கன் மிஷனரிகள் வந்ததால் அங்குள்ள கிறிஸ்தவர்கள் ஆங்கிலிக்கன்கள். மதுரைக்கு அமெரிக்க மிஷன் வந்ததால் அங்குள்ளவர்கள் காங்கிரிகேஷனல் சபையினர். தரங்கம்பாடிப் பக்கம் லுத்தரன் சபையினர். பேசும் மொழி ஒன்று, வாசிக்கும் வேதாகமம் ஒன்று. ஆனால் ஒரு சபையின் உறுப்பினர் இன்னொரு சபையின் ஆலயத்தில் திருவிருந்து பெறுவதற்கு விதிகள் குறுக்கே நின்றன.

இந்தப் பிரிவுகள் கடல் கடந்து மலாயாவுக்கும் வந்தன. ரப்பர் தோட்டங்களுக்கும் ரயில்வே வேலைக்கும் கப்பலேறி வந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள், ஊரிலிருந்த சபையின் பெயரையும் உடன் கொண்டுவந்தார்கள். கத்தோலிக்கர், ஆங்கிலிக்கன், லுத்தரன், மெதடிஸ்ட் என்று அவர்கள் தனித்தனியே கூடியதற்குக் காரணம், பெரும்பாலும் அவர்களுடைய பாட்டனார் எந்த மாவட்டத்தில் பிறந்தார் என்பதுதான்.

1902ஆம் ஆண்டில் அசரியா யாழ்ப்பாணம் சென்றார். அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தப் பணத்தில் பிற இடங்களுக்கு ஊழியர்களை அனுப்பி வந்ததைக் கண்டார். அதைவிடப் பெரிய கிறிஸ்தவச் சமூகமான திருநெல்வேலி இன்னும் வெளிநாட்டார் கையை எதிர்பார்த்திருப்பது அவரை உறுத்தியது. ஊர் திரும்பியதும் 1903 பிப்ரவரியில் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் உருவாகத் துணைநின்றார். 1905ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில், வங்காளத்தின் சேரம்பூரில் பல சபையினர் கூடித் தேசிய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார்கள். அதிலும் அசரியா முன்னின்றார்.

பிறரை அனுப்பிவிட்டுத் தாம் மட்டும் வீட்டில் இருக்க அவர் விரும்பவில்லை. 1909ஆம் ஆண்டில் குருப்பட்டம் பெற்று, நிஜாம் ஆட்சிக்குட்பட்ட தோர்ணக்கல் என்ற சிற்றூருக்குக் குடும்பத்துடன் சென்றார். முப்பத்தைந்து வயதை நெருங்கும் நேரத்தில் தெலுங்கு கற்றுக்கொண்டு கிராமங்களில் பணி செய்தார்.

நட்பைக் கேட்ட உரை

1910ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. ஏறத்தாழ 1,200 பேராளர்களில் ஆசியர்கள் இருபது பேர்கூட இல்லை. அவர்களில் ஒருவரான அசரியா, அரங்கிலிருந்த பலருக்கு உவப்பில்லாத ஒன்றைச் சொன்னார். மிஷனரிகளின் தியாகத்தை இந்தியா மறக்காது என்று நன்றி கூறினார். ஆனால் வெள்ளை மிஷனரிக்கும் இந்திய ஊழியருக்கும் இடையே முதலாளி, வேலையாள் உறவுதான் இருக்கிறது என்றும், அன்பும் நட்புமே தங்களுக்குத் தேவை என்றும் வெளிப்படையாகச் சொன்னார். அந்த உரை இன்றும் நினைவுகூரப்படுகிறது.

இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1912 டிசம்பர் 29ஆம் தேதி, கல்கத்தாவின் செயின்ட் பால் பேராலயத்தில் அவர் பேராயராக அபிஷேகம் செய்யப்பட்டார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் அவர்தான். இந்தியர் ஒருவரின் கீழ் ஐரோப்பியர் எப்படிப் பணி செய்வது என்று சிலர் தயங்கினார்கள். இந்தியக் கிறிஸ்தவர்களிடையேயும் எதிர்ப்பு எழுந்தது. அசரியா சொல்லால் பதில் தரவில்லை. மாட்டுவண்டியிலும் சைக்கிளிலும் கிராமம் கிராமமாகச் சென்றார். அவர் காலத்தில் தோர்ணக்கல் திருமண்டலத்தின் உறுப்பினர் தொகை இரண்டு லட்சத்தைத் தாண்டியது. அவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சமூகத்தினர். 1939ஆம் ஆண்டில் அர்ப்பணிக்கப்பட்ட தோர்ணக்கல் பேராலயம் இந்து, இஸ்லாமிய, கிறிஸ்தவக் கட்டடக் கலைகள் கலந்து எழுந்தது.

தரங்கம்பாடி அறிக்கை

1919 மே மாதத் தொடக்கத்தில், நாகப்பட்டினத்துக்கு வடக்கே கடலோரத்தில் உள்ள தரங்கம்பாடியில் 33 பேர் கூடினார்கள். 1706ஆம் ஆண்டில் சீகன்பால்க் வந்திறங்கி, இந்தியாவில் புரோட்டஸ்டண்டு மிஷன் பணியைத் தொடங்கிய ஊர் அது. கூடியவர்களில் பெரும்பாலோர் இந்தியர். ஆங்கிலிக்கன் சபையினரும் தென்னிந்திய ஐக்கிய சபையினரும் அதில் இருந்தார்கள். பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் 1908இல் இணைந்து உருவானதே ஐக்கிய சபை.

அவர்கள் வெளியிட்ட அறிக்கையின் சாரம் எளிமையானது. இந்தப் பிரிவுகளை நாங்கள் உண்டாக்கவில்லை. அவை வெளியிலிருந்து எங்கள்மீது சுமத்தப்பட்டவை. அவற்றைத் தொடர்ந்து சுமக்க நாங்கள் விரும்பவில்லை. இதுவே அவர்கள் சொன்னது.

சொல்வது எளிது. செய்வதற்கு 28 ஆண்டுகள் ஆயின. பெரிய சிக்கல் பேராயர் பதவி. பேராயர்கள் தலைமேல் கைவைத்துத் தரும் குருப்பட்டமே முறையானது என்பது ஆங்கிலிக்கன் மரபு. காங்கிரிகேஷனல் சபைகளுக்கோ பேராயர்களே கிடையாது. 1925இல் மெதடிஸ்டுகளும் பேச்சுவார்த்தையில் சேர்ந்தார்கள். கடைசியில் கண்ட வழி இதுதான்: இணையும் சபைகளின் போதகர்கள் எல்லாரும் அப்படியே ஏற்கப்படுவார்கள், யாருக்கும் மறுபடி பட்டம் கொடுக்கப்படாது, அதன் பிறகு புதிதாக வருபவர்களுக்குப் பேராயர்களே பட்டம் கொடுப்பார்கள். யாரும் தாழ்த்தப்படவில்லை, எல்லாரும் ஏதோ ஒன்றை விட்டுக்கொடுத்தார்கள்.

1927ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் லோசான் மாநாட்டில் அசரியா, சபை ஒற்றுமை மேலை நாட்டாருக்கு விவாதப் பொருளாக இருக்கலாம், எங்களுக்கோ அது வாழ்வா சாவா என்ற கேள்வி என்ற கருத்தை முன்வைத்தார். அதை அவர் பின்னர் நேரிலேயே உணர்ந்தார். 1930களின் நடுவில், ஒடுக்கப்பட்ட மக்களுடன் இந்து சமயத்தை விட்டு வெளியேறுவது பற்றி டாக்டர் அம்பேத்கர் சிந்தித்துக்கொண்டிருந்தார். கிறிஸ்தவராகிவிட்டால் தம் மக்கள் பல சபைகளாகச் சிதறிப்போக மாட்டார்களா என்று அவர் அசரியாவிடம் கேட்டதாகவும், அதற்கு விடை சொல்ல இயலாமல் அசரியா வெட்கப்பட்டதாகவும் அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள்.

அரசியலுக்கு அப்பால்

1932ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அரசு அறிவித்த வகுப்புவாரித் தீர்ப்பு, இந்தியக் கிறிஸ்தவர்களுக்கும் தனித் தொகுதிகள் தந்தது. சிறுபான்மைத் தலைவர் ஒருவருக்கு இது இலாபமாகத் தோன்றலாம். அசரியா அதை எதிர்த்தார். திருச்சபை என்பது நம்பிக்கை கொண்டவர்களின் கூட்டமேயன்றி வாக்கு எண்ணிக்கைக்காக வகுத்த இனம் அன்று என்பது அவர் நிலை. மறுபக்கம், மதமாற்றத்தை எதிர்த்த காந்தியடிகளோடும் அவருக்குக் கருத்து வேறுபாடு இருந்தது. சமயத்தைத் தேர்ந்தெடுப்பது ஒருவரின் மனச்சாட்சிக்குரிய உரிமை என்பதில் அவர் உறுதியாக இருந்தார். ஆட்சியாளரும் முழுவதும் சொந்தம் கொண்டாட முடியாத, தேசியவாதிகளும் முழுவதும் சொந்தம் கொண்டாட முடியாத மனிதராக அவர் நின்றார்.

காணாத வெற்றி

1945 ஜனவரி முதல் நாள் தோர்ணக்கல்லில் அசரியா காலமானார். அதே மாதத்தில்தான் ஆங்கிலிக்கன் சபையின் பொது மன்றம் இணைப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. 1947 செப்டம்பர் 27ஆம் தேதி, இந்தியா விடுதலை பெற்று ஆறு வாரங்கள் கழித்து, சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. சுமார் பத்து லட்சம் பேர் அதில் இணைந்தார்கள். யாழ்ப்பாணமும் அதன் ஒரு திருமண்டலமாயிற்று. பேராயர்கள் உள்ள சபையும் பேராயர்கள் இல்லாத சபைகளும் ஒன்றானதை உலகமே வியந்து பார்த்தது.

எல்லாம் நிறைவேறிவிடவில்லை. அசரியாவின் சொந்தத் திருமண்டலத்திலேயே நந்தியால் பகுதி மக்களில் பலர் இணைய மறுத்தார்கள். அவர்கள் 1970களில்தான் வந்து சேர்ந்தார்கள். லுத்தரன் சபையினரும் கத்தோலிக்கரும் தனித்தே இருந்தார்கள். சாதி வேற்றுமை ஆலயத்துக்குள் இன்னும் முழுவதும் ஒழியவில்லை. நம் நாட்டிலும் சபைகள் ஒன்றாக இணையவில்லை. ஆனால் 1985இல் உருவான மலேசியக் கிறிஸ்தவர் சம்மேளனத்தில் கத்தோலிக்கரும் புரோட்டஸ்டண்டு சபையினரும் ஒரே மேசையில் அமர்கிறார்கள்.

மாணவர்களே, அசரியாவின் வாழ்க்கை கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரிய பாடம் அன்று. பதவிக்காகவும் பெயருக்காகவும் சங்கங்கள் இரண்டாகப் பிளப்பது நம் சமுதாயத்துக்குப் புதிதல்ல. பிளப்பதற்கு ஒரு கூட்டம் போதும். இணைப்பதற்கு 28 ஆண்டுகள் வேண்டியிருந்தன. அதுவும் எதிர்த்தரப்பைத் தாழ்த்தாமல், தன் தரப்பிலும் விட்டுக்கொடுத்து, விதிகளை வரி வரியாகப் பேசித் தீர்த்த பிறகே முடிந்தது. நாளை ஒரு சங்கத்திலோ ஆலயத்திலோ பொறுப்பேற்கும்போது, நமக்கு வந்து சேர்ந்த பிரிவுகளில் எதை உண்மையில் நாமே தேர்ந்தெடுத்தோம், எதைப் பாட்டனார் காலத்து வரைபடம் நமக்காகத் தேர்ந்தெடுத்தது என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். அசரியாவின் பணி அந்தக் கேள்வியில்தான் தொடங்கியது.