மகாத்மா ஜோதிராவ் புலே

1861 முதல் 1865 வரை அமெரிக்க நாடு தனக்குள்ளேயே போரிட்டது. அடிமை முறையைக் கைவிட மனமில்லாத தென் மாநிலங்கள் பதினொன்று ஒன்றியத்தினின்றும் பிரிந்து தனிநாடு காண முற்பட்டன. குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன் அப்பிரிவினையை ஏற்க மறுத்தார். ஆறு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர்; ஏறத்தாழ 40 இலட்சம் அடிமைகள் விடுதலை பெற்றனர். அமெரிக்கப் பஞ்சு இங்கிலாந்து செல்வது அப்போது தடைப்படவே, இந்தியப் பருத்தியின் விலை ஏறியது. கரிசல் மண்ணில் வாழும் திருமங்கலத்தாராகிய நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. அப்போரில் பலர் பஞ்சு விலையைக் கண்டனர். புனே நகரில் வாழ்ந்த ஜோதிராவ் வேறொன்றைக் கண்டார்.

அவர் 1827இல் மலர்த்தொழில் புரியும் மாலி வகுப்பில் பிறந்தவர். மிஷன் பள்ளியில் பயின்றவர். பிராமண நண்பர் ஒருவரின் திருமண ஊர்வலத்தில் சாதியின் பெயரால் இழிவுபடுத்தப்பட்டார். 1848இல் பெண்களுக்கெனப் பள்ளி தொடங்கினார். தாமே எழுத்தறிவித்த மனைவி சாவித்திரிபாயை அங்கு ஆசிரியை ஆக்கினார். பள்ளிக்குச் செல்லும் வழியில் அவ்வம்மையார் மீது சேறும் சாணமும் வீசினர். ஊராரின் எதிர்ப்புக்கு அஞ்சிய தந்தையார் மகனையும் மருமகளையும் வீட்டைவிட்டு வெளியேறச் செய்தார்.

பின்னர் மகார், மாங் வகுப்புக் குழந்தைகளுக்கும் பள்ளிகள் எழுந்தன. அவர்தம் பள்ளியில் பயின்ற முக்தாபாய் என்னும் மாங் சிறுமி, 1855இல், தம் மக்கள் படும் துன்பங்களைக் கட்டுரையாக வடித்தார். அஃது இதழிலும் அச்சேறியது. அப்போது அவருக்கு வயது பதினான்கு! எத்தனையோ ஆண்டுகளாகக் கட்டுரை ஏடுகளைத் திருத்தி வரும் நமக்கு, போர்க்களச் செய்திகளைவிட இச்செய்தியே பெரிதாகத் தோன்றுகிறது.

இந்தியாவில் 1843ஆம் ஆண்டுச் சட்டமே அடிமை முறைக்கு நீதிமன்ற ஏற்பை மறுத்துவிட்டது. ஒரு துளி இரத்தமும் சிந்தவில்லை. பண்ணையாளின் வாழ்வும் மாறவில்லை. ஜோதிராவ் 1873இல் மராத்தியில் ‘குலாம்கிரி’ என்னும் நூலை உரையாடல் வடிவில் எழுதினார். கறுப்பின அடிமைகளின் விடுதலைக்காகத் தம்மையே ஈந்த அமெரிக்க மக்களுக்கு அதனைக் காணிக்கையாக்கினார். தம் நாட்டவரும் அவ்வழி நடந்து சூத்திர மக்களின் தளையை அறுக்க வேண்டுமென்ற விழைவையும் அதில் தெரிவித்தார். ‘அடிமைத்தனம்’ என்பதே அந்நூற்பெயரின் பொருள்.

எனினும் இரு நாட்டு நிலையும் ஒன்றன்று. அங்கே அடிமைக்கு எழுத்தறிவிப்பதைத் தென் மாநிலங்கள் பலவும் சட்டம் இயற்றித் தடுத்தன. இங்கோ அதற்குச் சட்டமே தேவைப்படவில்லை. அங்கே விலங்கு கண்ணுக்குத் தெரிந்தது. இங்கே அதற்குத் தருமம் என்று பெயர். ஆதலால்தான் ஜோதிராவ் படை திரட்டாமல் பள்ளி திறந்தார் எனக் கருதுகிறோம். அமெரிக்காவிலும் விடுதலை வெறும் கொடையாக வந்துவிடவில்லை. ஏறத்தாழ 1,80,000 கறுப்பின வீரர்கள் ஒன்றியப் படையில் நின்று பொருதனர்.

1868இல் தம் வீட்டுக் கிணற்றுத் தொட்டியைத் தீண்டப்படாதார்க்குத் திறந்துவிட்டார். 1873இல் சத்திய சோதக சமாஜத்தை நிறுவினார். 1882இல் ஹண்டர் கல்விக் குழுவின்முன், ஏழை உழவன் செலுத்தும் வரிப்பணம் மேற்குலத்தார் உயர்கல்விக்கே செல்வதைச் சுட்டிக்காட்டி, பன்னிரண்டு வயது வரை கட்டாயத் தொடக்கக் கல்வி வேண்டினார். ஆசிரியர் ஊதியத்தை உயர்த்தவும் கோரினார் என்பதை நம்மைப் போன்றோர் மறப்பதற்கில்லை! 1890 நவம்பர் 28இல் மறைந்தார்.

1946இல் டாக்டர் அம்பேத்கர், சூத்திரர் யாவர் என ஆராயும் தம் நூலை ஜோதிராவுக்குக் காணிக்கையாக்கினார். அதே ஆண்டில், ஐக்கிய நாடுகள் அவைக்கு அமெரிக்கக் கறுப்பின மக்கள் அளித்த மனுவின் படியினைக் கேட்டு, அவர்தம் அறிஞர் டூ பாய்ஸுக்குக் கடிதமும் எழுதினார்.