ஃபிரிட்யோஃப் நான்சென்

ஃபிரிட்யோஃப் நான்சென் (அக்டோபர் 10, 1861 - மே 13, 1930) நோர்வே நாட்டைச் சேர்ந்த துருவப் பயணியும் விலங்கியலாளரும் கடலியலாளரும் ஆவார். போர்க்கைதிகளுக்கும் அகதிகளுக்கும் ஆற்றிய பணிக்காக 1922 ஆம் ஆண்டு அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார். நரம்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கலந்தவை அல்ல என்பதற்குத் தொடக்கத்திலேயே சான்று அளித்தவர்களுள் இவரும் ஒருவர்.

இளமை

நான்சென் இன்றைய ஒஸ்லோ நகரின் அருகே பிறந்தார். பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பயின்றார். 1882 இல் கடல்நாய் வேட்டைக் கப்பல் ஒன்றில் ஆர்க்டிக் கடலுக்குச் சென்று திரும்பியபின், பேர்கன் அருங்காட்சியகத்தில் விலங்கியல் பிரிவின் காப்பாளரானார்.

முனைவர் பட்ட ஆய்வு

அக்காலத்தில் மூளையின் நரம்பணுக்கள் அனைத்தும் நீட்சிகளால் ஒட்டி, இடைவெளியற்ற ஒரே வலையாக அமைந்துள்ளன என்று அறிஞர் பலர் கருதினர். இத்தாலியரான கமில்லோ கொல்கி 1873 இல் கண்டறிந்த வெள்ளிச் சாயமுறை, சில நரம்பணுக்களை மட்டும் முழுமையாகக் கருநிறமாக்கிக் காட்டியது. 1886 இல் நான்சென் பவீயா நகருக்குச் சென்று கொல்கியிடம் இம்முறையை அறிந்துகொண்டார்.

கடற்புழுக்கள், சிங்கி இறால், தாடையற்ற ஹேக் மீன் முதலிய எளிய உயிரினங்களை இவர் ஆராய்ந்தார். நரம்பணுக்களின் நீட்சிகள் நேரடியாக ஒட்டுவதை எங்கும் காணாததால், அவை பின்னிக் கிடக்கின்றனவே அன்றிக் கலப்பதில்லை என்று முடிவு செய்தார். ஹேக் மீனின் தண்டுவடத்தில் நுழையும் உணர்ச்சி நரம்பிழை மேலும் கீழுமாக இரண்டாகப் பிரிவதையும் கண்டார். இது பின்னர் பிற முதுகெலும்பிகளிலும் உறுதி செய்யப்பட்டது.

ஆய்வு 1887 இல் ஆங்கிலத்தில் வெளியானது. ஏறத்தாழ அதே காலத்தில் வில்லெம் ஹிஸ், ஆகஸ்ட் ஃபோரெல் ஆகியோரும் இம்முடிவுக்கு வந்தனர். 1888 முதல் ஸ்பெயினின் சான்டியாகோ ரமோன் இ கஹால் இதனை விரிவாக நிறுவினார். எனினும் நான்செனின் கருத்துகள் அனைத்தும் நிலைக்கவில்லை. நரம்பணுவின் கிளை நீட்சிகள் உணவூட்டத்துக்கே உரியவை என்று கொல்கியைப் பின்பற்றி இவர் கருதியது தவறாயிற்று.

நரம்பணுக்கள் தனித்தனியானவை எனில் அவை சந்திக்கும் இடம் எது என்ற கேள்வி எழுந்தது. அவ்விடத்துக்கு 1897 இல் சினாப்சு என்ற பெயர் வழங்கப்பட்டது. அங்குள்ள நுண்ணிய இடைவெளி 1950களில் எலக்ட்ரான் நுண்ணோக்கியால் காணப்பட்டது. கற்றலின்போது இவ்விணைப்புகள் மாறுவது பற்றிய இன்றைய ஆய்வுகளுக்கும் இதுவே அடிப்படை.

துருவப் பயணங்கள்

1888 ஏப்ரல் 28 அன்று ஆய்வேட்டை வாதிட்டு நிறுவிய நான்சென், சில நாட்களிலேயே கிரீன்லாந்துக்குப் புறப்பட்டார். ஐந்து துணைவருடன் அதன் உட்பகுதியை முதன்முதலாகப் பனிச்சறுக்கில் கடந்தார். 1893-1896 இல் ஃபிராம் கப்பற் பயணத்தை நடத்தி, 1895 ஏப்ரலில் வட அகலாங்கு 86°14' வரை சென்றார். நரம்பியலுக்கு இவர் மீளவில்லை. 1908 இல் கடலியல் பேராசிரியரானார்.

மனிதநேயப் பணிகள்

முதல் உலகப் போருக்குப்பின் நான்கு லட்சத்துக்கும் அதிகமான கைதிகள் தாயகம் திரும்ப வழிசெய்தார். 1921 இல் உலக நாடுகள் சங்கத்தின் அகதிகள் உயர் ஆணையரானார். நாடற்றோருக்காக 1922 இல் உருவாக்கப்பட்ட பயண ஆவணம் நான்சென் கடவுச்சீட்டு எனப்பட்டது. இவர் மறைந்தபின் இவர் பெயரில் அமைந்த அகதிகள் அலுவலகம் 1938 இல் அமைதிக்கான நோபல் பரிசைப் பெற்றது.